பெடல் இல்லாமல் வரும் சைக்கிள்

கொஞ்சம் விலை கூடிய ரோடு பைக் ஒன்றை வாங்கிப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே பெடல் இருக்காது. வைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், அதுதான் வழக்கம். சக்கரம், கியர், பிரேக், சீட் எல்லாவற்றையும் கம்பெனியே தேர்ந்தெடுத்துப் பூட்டிக் கொடுக்கும். கால் வைக்கிற இடத்தை மட்டும் வாங்குகிறவரிடம் விட்டுவிடும். இவ்வளவு செலவழித்து வாங்குகிறவர் ஏற்கெனவே ஏதோ ஒரு வகைப் பெடலுக்குப் பழகியிருப்பார், அதற்கேற்ற ஷூவும் வைத்திருப்பார், பழைய சைக்கிளிலிருந்து கழற்றி இதில் மாட்டிக்கொள்வார் என்பது கணக்கு.

இந்தக் கணக்கு தென்காசியில் செல்லாது. இங்கே முதல்முறையாக ரோடு பைக் வாங்குகிற ஆளிடம் இருப்பது ஒரு ஜோடி ரப்பர் செருப்பும், ஆபீஸ் போகிற காலத்தில் வாங்கிய ஒரு ஷூவும்தான். என்னுடைய வண்டியைப் பார்த்த சைக்கிள் கடை அண்ணாச்சி அதைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டுக் கேட்டார்: “ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, மட்கார்டு இல்ல. பெடலும் இல்லைன்னா எதுக்குத் தம்பி இம்புட்டு ரூவா குடுத்தீய?”

நியாயமான கேள்வி. பதில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எந்தப் பெடல் வாங்கலாம் என்பதில் ஆரம்பித்த தேடல், அந்தப் பெடலை யாருடைய காலை மனதில் வைத்துச் செய்தார்கள் என்பதில் போய் நின்றது.

சைக்கிள் பெடலுக்கு மூத்தது. 1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய மர வண்டிக்கு இரண்டு சக்கரம், ஒரு இருக்கை, திருப்புவதற்கு ஒரு பிடி, அவ்வளவுதான் இருந்தது. உட்கார்ந்தபடியே தரையைக் காலால் உந்தி உந்திப் போக வேண்டும். இன்றைக்குச் சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறோமே பெடல் இல்லாத குட்டி சைக்கிள், அதேதான். இரண்டு காலையும் தரையிலிருந்து எடுத்துவிட்டால் விழுந்துவிடுவோம் என்ற பயம் தீர மனிதர்களுக்கு இன்னும் நாற்பது ஐம்பது வருடம் ஆனது. 1860களில் பாரிஸில் பியர் மிஷோவின் பட்டறை முன்சக்கர அச்சிலேயே பெடலைப் பூட்டி விற்றது. பியர் லாலெமென்ட் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் அமெரிக்கா போய் 1866இல் காப்புரிமை வாங்கினார். யார் முதலில் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

பெடல் முன்சக்கரத்திலேயே இருந்தால் ஒரு மிதிக்கு ஒரு சுற்றுதான். வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவது தவிர வழியில்லை. அப்படிப் பெரிதாகிப் பெரிதாகித்தான் 1870களில் ஆள் உயரத்துக்கு முன்சக்கரம் வைத்த அந்த விசித்திர வண்டி வந்தது. காலின் நீளம்தான் சக்கரத்தின் எல்லை. நெட்டையன் வேகமாகப் போவான், குட்டையன் பின்னால் வருவான். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிள் இதை மாற்றியது. செயின் போட்டு, பெடலை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே கொண்டுவந்தார். நாம் இன்று ஓட்டுவது அந்த வண்டியின் பேரன்தான்.

இங்கே ஒரு சின்னச் சுற்றுவழி. நம் ஊரில் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். என்று ஒரு சைக்கிள் உண்டு. அந்த மூன்று எழுத்தின் விரிவு பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். இங்கிலாந்தில் துப்பாக்கி செய்வதற்காக 1861இல் தொடங்கிய கம்பெனி அது, சைக்கிள் பிறகு வந்தது. துப்பாக்கிக் கம்பெனி என்பதால் மரை வெட்டுவதில் கெட்டி. பெடல் தண்டுகள் சுழலும் அச்சு சட்டத்துக்குள் உட்காரும் இடத்துக்கு அவர்கள் வைத்த அளவு 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. இன்றைக்கும் உலகம் முழுக்க அந்த அளவைப் ‘பி.எஸ்.ஏ. மரை’ என்றுதான் சொல்கிறார்கள். 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள் அம்பத்தூர்ப் பெயர்களாகவே மாறிப்போயின. புதிய ரோடு பைக்கின் விவரக்குறிப்பில் பி.எஸ்.ஏ. என்று பார்த்தபோது, தெருவில் பால்காரர் வண்டியின் பெயரை வெளிநாட்டுக்காரன் எதற்குப் போட்டிருக்கிறான் என்றுதான் முதலில் தோன்றியது.

மரை என்று வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வலது பெடல் வழக்கமான மரையில் இறுகும், இடது பெடலுக்கு எதிர்மரை. பேரிங்கின் உராய்வு பெடலைக் கழற்றிவிடாமல் இருக்கத்தான் இப்படி என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் நேர்மாறு. உராய்வை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த அமைப்பில்தான் பெடல் கழன்று விழ வேண்டும். உண்மையில் ஜெயிப்பது வேறொரு விசை. துளையைவிட அச்சு ஒரு மயிரிழை சின்னது. மிதிக்கும்போது அழுத்தம் துளையின் ஓரத்தைச் சுற்றி நகர்கிறது. அச்சு அந்தத் துளைக்குள் உருண்டபடி எதிர்த்திசையில் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. அந்தத் திருப்பத்துக்கு ஏற்றபடிதான் மரை. ஸ்பானரைப் பிடிக்கிற எந்தச் சைக்கிள் கடைப் பையனுக்கும் இந்தக் காரணம் தெரியாது, ஆனால் கை தப்பாமல் சரியான பக்கம் திருப்பும்.

இனி நம்ம ஊர்ப் பெடலுக்கு வருவோம். கறுப்பு நிறத்தில் இரண்டு ரப்பர் கட்டை, நடுவே இரும்பு அச்சு, ஓரத்தில் ஒரு மூடி. வெறுங்காலுக்கும் செருப்புக்காலுக்கும் ஏற்ற பெடல் அது. ரப்பர் பாதத்தைக் கிழிக்காது, மழையில் ஓரளவுக்கு வழுக்காது. நம் ஆட்கள் பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பதில்லை, பாதத்தின் நடுவால் மிதிப்பார்கள், சிலர் குதிகாலால். இப்படி மிதிப்பது தப்பு என்று சைக்கிள் பயிற்சிப் புத்தகங்கள் சொல்லும். இருபது கிலோ வண்டி, பின்னால் அரிசி மூட்டை, தாழ்ந்த சீட், காலில் பிய்ந்த செருப்பு என்று வைத்துக்கொண்டு யோசித்தால் அது தப்பாகத் தெரியாது.

அந்த வண்டிக்குப் பழகுவதற்குத் தமிழ்ப் பிள்ளைகள் கண்டுபிடித்த முறைக்குப் பெயர் குரங்குப்பெடல். ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ சிறுகதையிலிருந்து கமலக்கண்ணன் எடுத்த படம் 2024இல் இதே பெயரில் வந்ததால் இப்போதைய தலைமுறைக்கும் வார்த்தை தெரிந்திருக்கும். பெரியவர்களுக்கான இருபத்தெட்டு அங்குல வண்டி. ஏறி உட்கார்ந்தால் கால் எட்டாது. எனவே உட்காருவதே இல்லை. இடது கை ஹாண்டில்பாரில், வலது கை பாருக்கு மேலாகச் சீட்டை அணைத்தபடி, வலது காலைச் சட்டத்தின் முக்கோணத்துக்குள் நுழைத்து அந்தப் பக்கப் பெடலைத் தொட வேண்டும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், உடம்பு மறுபக்கம் சாய்ந்திருக்கும், இரண்டும் சேர்ந்து நேராகப் போகும். முதலில் அரைப்பெடல்: பாதி மிதித்துப் பின்னால் சுற்றிவிட்டு மறுபடி பாதி. பிறகு முழுப்பெடல். பிறகு பார் மேல் ஏறுவது. கடைசியில் சீட். நான்கு கட்டம், நான்கிலும் முட்டியில் காயம். வாடகைக் கடையில் அரை சைக்கிள், முக்கால் சைக்கிள் கிடைத்தவர்கள் பாக்கியவான்கள்.

ரோடு பைக்குக்குப் பழகுவது எப்படி என்று விளக்கும் வீடியோக்கள் ஆயிரம் இருக்கின்றன. தனக்குப் பொருந்தாத ஒரு இயந்திரத்தை எடுத்துத் தன் உடம்பை வளைத்துப் பொருத்திக்கொண்ட அந்தப் பையன்களின் பொறியியல் மூளை அதில் ஒன்றிலும் இல்லை என்பது என் எண்ணம். பொருத்தமான அளவில் வண்டி வாங்கியவன் கற்றுக்கொள்வது வேறு, கிடைத்த வண்டியில் கற்றுக்கொள்வது வேறு.

பையன்கள் என்று எழுதிவிட்டேன். எழுதும்போதே உறுத்துகிறது. எல்லாப் பையன்களும் இல்லை. பெண் பிள்ளைகள் அநேகமாக இல்லவே இல்லை.

தென்மாவட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. தலித்துகள் ஆதிக்கச் சாதித் தெருவுக்குள் வரும்போது சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எத்தனையோ ஊர்களில் எழுதாத சட்டம். கன்ஷியாம் ஷாவும் வேறு நால்வரும் சேர்ந்து எழுதி 2006இல் வெளிவந்த கிராமப்புறத் தீண்டாமை பற்றிய ஆய்வுநூல், இந்தியாவின் பல மாநிலங்களில் இந்தத் தடைகள் நடப்பிலிருந்ததைப் பதிவு செய்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்தது. அதன் மூன்றாம் பிரிவில் குற்றங்களின் நீளமான பட்டியல் இருக்கிறது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது, செருப்போ புதுத்துணியோ போடுவதைத் தடுப்பது, இரண்டும் அங்கே ஒரே உட்பிரிவில், அடுத்தடுத்த வார்த்தைகளாக வருகின்றன. பெடல் பற்றிப் படிக்கப் போன எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. செருப்பும் சைக்கிளும் சந்திக்கிற இடம்தான் பெடல். அந்த இடத்தில் ஒருவர் காலை வைக்கலாம் என்று குற்றவியல் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது, அதுவும் 2015இல். உலகத்தின் இன்னொரு மூலையில் அந்த நேரம் பெடலின் எடையில் பத்து கிராம் குறைப்பது எப்படி என்று தலையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

புதுக்கோட்டை தமிழ்நாட்டின் சைக்கிள் வரலாற்றில் வருவது இதற்குப் பக்கத்தில்தான். 1991இல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு வழி செய்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராமச் செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் ஊர்வலம் போனதை பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர் எழுதியதில் எனக்கு மறக்காத விஷயம் ஒன்று: லேடீஸ் சைக்கிள் கிடைக்காத தட்டுப்பாட்டில் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள், பிறகு சிலர் அதையே விரும்பினார்கள். காரணம் அந்தப் பார். குழந்தையை உட்கார வைக்கலாம். நீண்ட பாவாடைக்கு இடைஞ்சல் என்று தான் வடிவமைப்பாளர்கள் அந்தக் கம்பியை எடுத்துவிட்டு ‘பெண்களுக்கான’ வண்டி செய்தார்கள். வண்டி உண்மையில் கைக்கு வந்ததும் பெண்களின் கணக்கு வேறாக இருந்தது.

2001-02இல் தமிழக அரசு பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு திட்டம் விரிந்து பையன்களுக்கும் வந்தது. இன்றைக்கு மேலகரத்திலோ ஆயிரப்பேரியிலோ காலை எட்டரை மணிக்கு ரோட்டில் நின்றால் அந்த வண்டிகள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். தெரு வழியாக இறங்காமல் போகின்றன. தடை எழுதப்படாதது என்பதால் அது எந்தத் தேதியில் முடிந்தது என்றும் எழுதியிருக்காது. எல்லாத் தெருவிலும் முடிந்துவிட்டதா என்றும் நான் சொல்ல மாட்டேன்.

இப்போது அந்த இன்னொரு மூலைக்கு. பந்தயக்காரர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஒரு கவலை வந்துவிட்டது: வேகமாகச் சுற்றும்போது கால் பெடலைவிட்டு நழுவுகிறது. தீர்வு, காலைக் கட்டிப்போடுவது. விரலுக்கு ஒரு கம்பிக் கூண்டு, மேலே ஒரு தோல்வார். இறங்க வேண்டுமென்றால் ஓடும் வண்டியில் குனிந்து வாரைத் தளர்த்த வேண்டும். கிட்டத்தட்ட நூறு வருடம் இதுதான். 1970களின் தொடக்கத்தில் இத்தாலியின் சினெல்லி, ஷூவையே பெடலில் பூட்டுகிற எம்71 பெடலைக் கொண்டுவந்தது. விடுவிக்கக் குனிந்து ஒரு நெம்பைத் தள்ள வேண்டும். அதற்குச் சாவுப் பெடல் என்று பட்டப்பெயர். பனிச்சறுக்குக் காலணிகளைப் பலகையில் பூட்டும் சாதனம் செய்துவந்த பிரான்சின் லுக் கம்பெனி 1984இல் சிக்கலை அவிழ்த்தது. கீழே விழும்போது பலகை தானாகக் கழன்றுகொள்ளும் அதே உத்தி: குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் போதும், பூட்டு விட்டுவிடும். மறுவருடம் பெர்னார் ஹினோ இந்தப் பெடலை மிதித்துத் தன் ஐந்தாவது டூர் தெ பிரான்ஸை ஜெயித்தார். அவருடைய அணி, லுக் கம்பெனி இரண்டுமே பெர்னார் டாப்பி என்ற ஒரே முதலாளியின் கையில் இருந்தன. விளம்பரத்துக்குக் குறைவில்லை.

இந்தப் பெடலுக்குப் பெயர் கிளிப்லெஸ், கிளிப் இல்லாதது. புதிதாக வருபவர்களை இந்தப் பெயர் மாதிரி குழப்புவது வேறில்லை. கிளிக்கென்று பூட்டிக்கொள்கிற பெடலுக்கு எப்படி இப்படிப் பெயர்? பழைய விரல்கூண்டின் பெயர் டோ கிளிப். அது இல்லை என்பதால் இது கிளிப்லெஸ். ஷூவின் அடியில் கிளீட் என்று ஒரு துண்டு திருகப்பட்டிருக்கும். மாட்டுக்கு லாடம் அடிப்பது போல என்று அண்ணாச்சியிடம் சொன்னேன், உடனே புரிந்துவிட்டது.

நம் பக்கம் ஒரு காலத்தில் திடலில் கம்பம் நட்டு, அதைச் சுற்றி நாள்கணக்கில் தரையில் கால் வைக்காமல் சைக்கிள் ஓட்டிக் காட்டுவார்கள். குளிப்பது, சாப்பிடுவது, சட்டை மாற்றுவது எல்லாம் வண்டி மேலேயே. இரவில் பாட்டு, டியூப்லைட் உடைப்பு. லாடமும் இல்லை, வாரும் இல்லை, வெறும் ரப்பர் கட்டைதான். ஹினோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏனோ இந்த ஆட்கள் ஞாபகத்துக்கு வருவார்கள்.

காலைப் பூட்டுவதால் என்ன லாபம்? கீழே மிதிப்பதோடு மேலேயும் இழுக்கலாம், சக்தி கூடும் என்பது பலகாலமாகச் சொல்லப்படும் பதில். 2007இல் கார்ஃபும் கூட்டாளிகளும் பயிற்சி பெற்ற ஓட்டிகளைப் பலவிதமாக மிதிக்க வைத்து அளந்தபோது, வேண்டுமென்றே மேலே இழுத்து மிதிப்பதுதான் உடம்பின் ஆற்றலை அதிகம் வீணாக்கியது. சமவெளியில் சீராகப் போகும்போது பூட்டுவதன் உண்மையான பயன், கால் நழுவாது, ஒவ்வொரு முறையும் பாதம் ஒரே இடத்தில் இருக்கும் என்பதுதான். அதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. கிளீட்டைக் கோணலாகத் திருகிவிட்டால் மணிக்கு ஐயாயிரம் தடவை முட்டி அதே கோணலில் மடங்கும். அதனால்தான் கிளீட்டுகளில் பாதம் சற்றே அசைய இடம் விடுகிறார்கள். ஷிமானோவின் மூன்று திருகு கிளீட்டில் சிவப்புக்கு அசைவே இல்லை, நீலத்துக்கு 2 டிகிரி, மஞ்சளுக்கு 6. பழகுகிறவர்கள் மஞ்சளைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை.

மூன்று திருகு கிளீட் என்பது பந்தயக்காரர்களுடையது. பெரியது, பிளாஸ்டிக், ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் வாத்து நடை. குற்றாலத்தில் அது விஷப்பரீட்சை. ஆனி, ஆடியில் சாரல் பெய்து ஊறிய கல்தளம், அருவிக்குப் போகிறவர்கள் தேய்த்துவிட்டுப் போன எண்ணெய், பழக்கடைத் தோல். ஐந்தருவி முன்னால் வண்டியை நிறுத்தி டீக்கடை வரைக்கும் பத்தடி நடக்க வேண்டுமே, அதற்கே பயமாக இருக்கும். ஷிமானோ 1990இல் மலைப்பாதை சைக்கிள்களுக்காகக் கொண்டுவந்த எஸ்.பி.டி. முறையில் கிளீட் சின்னது, இரும்பு, இரண்டு திருகு, ஷூவின் அடிப்பள்ளத்துக்குள் ஒடுங்கிவிடும். நடக்கலாம். ரோடு பைக்கில் எஸ்.பி.டி. போட்டால் நகரத்து சைக்கிள் குழுக்களில் சிலர் ஏளனமாகப் பார்ப்பார்கள். அவர்கள் குற்றாலத்தில் சீசன் ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டியதில்லை.

ஏனென்றால் இங்கே நிறுத்துவதுதான் அதிகம். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். சீசனில் அதற்குள் வேன், ஆட்டோ, திடீரென்று கதவைத் திறக்கும் கார், ரோட்டை வேடிக்கை பார்க்கும் குரங்கு. கிளிப்லெஸுக்கு மாறியவர்கள் ஒருமுறையாவது நின்ற இடத்திலேயே, குதிகாலைத் திருப்ப மறந்து, மரம் சாய்வது போலச் சாய்வார்கள் என்பது சைக்கிள்காரர்கள் மத்தியில் சொல்வழக்கு. தனி ரோட்டில் சாய்ந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பின்னால் டூரிஸ்ட் பஸ் நிற்கும்போது வேண்டாம்.

வண்டியின் மற்ற பாகங்களுக்குப் பழகக் காற்றே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. பெரிய கோயில் கோபுர வாசலில் வீசும் காற்றைப் பற்றி ஊரே பெருமை பேசும். அது வருவது ஆரியங்காவுக் கணவாய் வழியாக, மேற்கிலிருந்து. ஆடியில் செங்கோட்டையை நோக்கி மிதித்தால் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவது போல இருக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வளைந்த ஹாண்டில்பாரைக் கீழே பிடித்து, முழங்கையை மடக்கிக் குனிந்தால் அந்தத் தள்ளல் குறைவது உடனே தெரியும். முதல் மாதம் கழுத்து வலிக்கும், உள்ளங்கை மரக்கும். உள்ளங்கை மரப்பது அநேகமாகச் சீட்டின் உயரத்தாலோ கையை விறைப்பாக ஊன்றுவதாலோ வருவது. குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் நேராக நிற்கும் உயரத்தில் சீட்டை வைத்துத் தொடங்கினால் பெரிய தவறு வராது. நம் பழைய வண்டிகளில் சீட் எப்போதும் தாழ்வு, நின்றால் இரண்டு காலும் தரையில் பட வேண்டும். உயர்ந்த சீட்டில் ஒரு கால் நுனிவிரல்தான் தரையைத் தொடும். தார்ரோட்டில் இறங்கி நிற்கும் அந்தக் கணத்துக்கு உடம்பு சம்மதிக்கச் சில வாரம் பிடிக்கும். அதனால் அந்தச் சில வாரமும் சாதாரணத் தட்டைப் பெடலே போதும் என்பேன். ரப்பர் செருப்பு போட்டாலும் கவ்விக்கொள்ளச் சின்ன ஊசிகள் வைத்த தட்டைப் பெடல்கள் கிடைக்கின்றன.

அதற்குப் பிறகு நான் வாங்கியது ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் எஸ்.பி.டி. பூட்டாகவும் இருக்கும் பெடல். புளியரை எஸ் வளைவு ஏறப் போகும் காலையில் லாடம் அடித்த ஷூ, சாயங்காலம் பரோட்டாக் கடைக்குச் செருப்பு. எடை கூடுதல், பார்க்கவும் அழகில்லை. எந்தப் பக்கத்தைத் தேடுகிறோமோ அது பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். கிளம்பும்போது ரோட்டைப் பார்த்தபடியே ஷூ நுனியால் ஒரு தட்டுத் தட்டிப் புரட்டிக்கொள்ள வேண்டும்.